ஆறு வால்நட் பலகைகள்

ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில் ஒரு வீட்டில் பத்துப் பேர் இருந்து சாப்பிடக்கூடிய வால்நட் மேசை ஒன்று இருக்கிறது. அதைச் செய்தது நான். ஒரே மரத்தில் அரிந்த ஆறு பலகைகள். வேறு மரத்துண்டு ஒன்றுகூட அதில் இல்லை. தன்னடக்கமாகச் சொல்லலாம்தான், ஆனால் எனக்கு அது வராது.

நான் தச்சு வேலை செய்கிறவள். மூன்று வருடம் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து, பிறகு தொழிலில் தேர்ந்தவர்களுக்கான மைஸ்டர் பரீட்சையும் எழுதி, சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா இதை எவரிடமும் சொன்னதில்லை. கோயிலில் யாராவது கேட்டால் "மகள் டிசைன் செய்யிறா" என்பார். யாழ்ப்பாணத்தில் தச்சு இன்ன சாதிக்குரிய வேலை என்று அவர் மனதில் பதிந்திருந்ததை நாற்பது வருட ஜெர்மன் வாழ்க்கையாலும் அழிக்க முடியவில்லை. பென்ஷன் எடுத்த பிறகு என் வானை அவர்தான் ஓட்டுகிறார், பலகை ஏற்றி இறக்குகிறார், இடுப்பு நோகுது என்று ஒருநாளும் சொன்னதில்லை. தச்சு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. அதற்காக நாங்கள் சண்டை பிடித்ததும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் எரியும், அவ்வளவுதான்.

மேசை கேட்டவர் சென்னையிலிருந்து வேலைக்கு வந்த மென்பொருள் பொறியாளர். அவருடைய மைத்துனர் அமெரிக்காவில் ஆறு பேருக்கான மேசை ஒன்றைத் தானே செய்து, அதன் வரைபடத்தை அனுப்பியிருந்தார். இவர் அதைப் பத்துப் பேருக்குப் பெரிதாக்கி, வேண்டிய மரத்தையும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்: ஐம்பது போர்ட் ஃபூட். அமெரிக்காவில் மரத்தை அப்படித்தான் அளக்கிறார்கள். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலம் தடிப்பு. அதுதான் ஒரு போர்ட் ஃபூட். இங்கே எல்லாம் கன மீட்டர்.

ஒரு வியாழக்கிழமை காலை மூன்று பேரும் ஓடன்வால்ட் பக்கம், மரம் அரிந்து விற்கும் மரக்காலை ஒன்றுக்குப் போனோம். வானை ஓட்டிக்கொண்டே அப்பா அவரிடம் சொன்னார்: "இவ வரையிறது மட்டும்தான் தம்பி. செய்யிறதுக்கு ஆக்கள் இருக்கினம்."

என் பட்டறையில் என்னைத் தவிர ஆளே கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வால்நட் மரத்தைக் கண்டதும் எரிச்சல் எல்லாம் போய்விட்டது. இரண்டங்குலத் தடிப்பில் ஆறு பலகைகள், இரு பக்கமும் பட்டையோடு, அரிந்த வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். மரக்காலைக்காரி ஒன்றைத்தான் சொன்னாள்: இன்னொருவரும் இதைக் கேட்டிருக்கிறார், மதியம் வருவார், நீங்கள் விட்டதை அவர் கொண்டுபோவார். பிறகு அதே நிறத்திலும் அதே வரியிலும் பலகை தேடினால் கிடைக்காது.

நானும் அப்பாவும் அளவுநாடா பிடித்து ஒவ்வொரு பலகையாக அளந்தோம். பொறியாளர், பலகைகளில் எழுதியிருந்த கன மீட்டரைத் தன் போனில் மாற்றிப் பார்த்தார். ஒரு பலகை இருபத்தெட்டு போர்ட் ஃபூட் வந்தது.

"ரெண்டு பலகையே அம்பத்தாறு. வேஸ்டேஜுக்கு ஒண்ணு சேர்த்து மூணு எடுத்தா தாராளம்."

"ஆறும் வேணும்," என்றேன்.

"ஆறா? டபுள் ஆகுதே சிஸ்டர். நான் எக்செல்ல போட்டுப் பாத்துட்டேன்."

அப்பா உடனே அவர் பக்கம் சாய்ந்தார். "தம்பி சொல்லுறது சரி போலக் கிடக்கு பிள்ளை. அவர் கம்ப்யூட்டர்ல பாத்திருக்கிறார்."

அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தவரே அப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. சோக்குக்கட்டியை எடுத்து, ஒரு பலகையின் மேல் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரம் கீறினேன். "இது எத்தனை போர்ட் ஃபூட்?"

"ஒண்ணு."

"குனிஞ்சு பக்கத்தைப் பாருங்கோ."

குனிந்தார். தடிப்பை அளந்தார். இரண்டு அங்குலம். "அப்ப ரெண்டு," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, போனைத் திறந்து தன் கணக்கைப் பார்த்தார். வரைபடத்திலும் இரண்டு அங்குலத் தடிப்புத்தான், ஆனால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கியதோடு நிறுத்தியிருந்தார். மரக்காலையின் கணக்கில் தடிப்பு இருந்தது, அவருடையதில் இல்லை.

"ஃப்ளாட் வாங்க அலைஞ்சு அலைஞ்சு ஸ்கொயர் ஃபீட்டே மண்டையில நிக்குது," என்றார். மழுப்பவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. "அப்ப நூறு வேணும். நாலு பலகை போதுமா?"

"ஏலாது."

ஏனென்று கீறியே காட்டினேன். பட்டை போக வேண்டும். பட்டைக்கு உள்ளே இருக்கும் வெளிறிய மரமும் மேசைக்கு ஆகாது. முனையில் வெடிப்பு. நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில் முப்பதுதான் தேறும். மேற்பரப்புக்கே நாலு பலகை வேண்டும். கால்களையும் சட்டத்தையும் மற்ற இரண்டில் ஒவ்வொன்றாக வரைந்தேன். ஆறாவது பலகையில் கடைசிக் காலைக் கீறி முடித்தபோது ஒரு சாண் இடம் மிஞ்சியது. அந்த ஒரு சாணைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

இதே மரத்தைக் கேட்டிருந்த மற்றவருடைய வண்டி முற்றத்தில் வந்து நின்றது. எத்தனை பலகை என்று மரக்காலைக்காரி கேட்டாள். பொறியாளருக்கு எங்கள் ஆட்களின் வழக்கம் விட்டுப்போகவில்லை, கூட வந்த பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுக்க மாட்டார். அப்பாவின் பக்கம் திரும்பினார். "அங்கிள், நீங்க என்ன சொல்றீங்க? ஆறும் எடுத்துடலாமா?"

அப்பா பலகைகளில் இருந்த சோக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னைக் கேளாதேங்கோ தம்பி. நான் வான் ஓட்ட வந்தனான்," என்றார். பிறகு, "வானில வரேக்க நான் சொன்னது பொய். ஆக்கள் ஒருத்தரும் இல்லை. எல்லாம் இவதான். என்ர மகள் தச்சு வேலை செய்யிறவ," என்றார்.

ஆறும் என்று மரக்காலைக்காரியிடம் சொன்னேன். முதல் பலகையின் ஒரு முனையை நான் தூக்க, மறுமுனையை அப்பா பிடித்தார்.