நான் தாழ்த்திய சிவப்புக் கொடி

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டேன். முன்னே பின்னே வந்தால் கோவிச்சுக்காதீங்க. நிறைய மறந்துபோச்சு. மூங்கில் குச்சியில் கட்டின, ஓரம் பிரிந்த அந்தச் சிவப்புத் துணி மட்டும் மறக்கவில்லை. இன்றைக்கும் கடை வாசலில் சிவப்பாக ஏதாவது ஆடினால் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். கல்யாணமாகி முத்தாண்டிக்குப்பம் வந்த புதுசு. நெய்வேலி ரோட்டில் பள்ளம் அடைக்கிற கான்ட்ராக்ட் வேலைக்குப் போனேன். லாரியும் ஷிப்ட் பஸ்சும் ஓயாத ரோடு அது. பாதியை மறித்துத்தான் வேலை நடக்கும். வளைவில் ஒருத்தர் கொடியோடு நிற்கணும். தூக்கினால் வண்டி நிற்கும், தாழ்த்தினால் வரும். "வாயே தொறக்காத புள்ள. கொடி புடிக்க வாய் எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே மேஸ்திரி அதை என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு வண்டிக்கும் குச்சியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பேன்.

பள்ளத்தைக் கூட்டித் தார் ஊற்றுகிறவர் எங்கள் ஊர் அக்கா ஒருத்தர். வண்டி வருகிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவார். "நீ அங்க நின்னுகினு இருக்கிறவரைக்கும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன்டி" என்பார்.

ஒருநாள் காலையில் முந்திரி மூட்டை லாரி வந்தது. ஓட்டிவந்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். மூத்தார் எதிரே நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அவர் உள்ளே வந்தால் நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். அன்றைக்கும் யோசிக்கவே இல்லை. முந்தானையை இழுத்து முகத்தை மறைத்து, ரோட்டை விட்டு இறங்கித் திரும்பி நின்றேன். கொடியும் என்னோடு தாழ்ந்தது. லாரிக் காற்று முதுகில் அடித்தபோதுதான் அக்கா ஞாபகம் வந்தது. கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

மேஸ்திரிதான் கத்தினார். அக்கா உருண்டுவிட்டார். சக்கரம் விளக்குமாற்றின் மேல் ஏறி நின்றது. சாய்ந்த வாளியிலிருந்த கொதிக்கிற தார் அவர் பாதத்தில் கொட்டியிருந்தது.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "அவளத் திட்டாதீங்க. எந்திரிக்கச் சொல்லிட்டுத்தான் தாழ்த்தினா, நான்தான் அசையல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முந்தானை மறைத்ததால் மூத்தார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கொடிய எறக்கினது எவளோ, நான் கொலகாரனா ஆயிருப்பேன்" என்று ராத்திரி சோற்றைத் தொடாமல் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். "நீ யாரப் பாத்து ஒதுங்கினேன்னு எனக்குத் தெரியாதா? மரியாதையெல்லாம் வூட்டுல வச்சுக்கடி. ரோட்டுல மாமனாரே வந்தாலும் கொடிய எறக்காத" என்றார்.

பிறகு ஒருநாள் அதே லாரி வந்தது. முகத்தை மறைக்காமல் கொடியைத் தூக்கிப் பிடித்தேன். மூத்தார் வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குக் கொடியை இறக்கினது எவள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது அந்த ரோடு அகலமாக, வழவழவென்று கிடக்கிறது. அக்கா இல்லை. தார் கொட்டியது இடது காலா வலது காலா, எந்த வருஷம், தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். அக்காதான் கவனிக்காமல் இருந்தார் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். கொடியைத் தாழ்த்தியது நான். அதை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.