கணீரென்று கேட்காத கிதார்

என் வீட்டுக்காரர் பெஞ்சமினுக்குக் கோபமே வராது. அவர் பங்கையும் சேர்த்து நானே பட்டுக்கொள்கிறேன். அவருக்கு மறைமலைநகரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. விடிந்தும் விடியாமலும் கருங்குழியில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுதுக்கும் ஒயர்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பார். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மற்ற ஆறு நாளும் சிரித்த முகமாக இருக்கிறார்.

அதற்கும் வந்தது வினை. சில மாதமாகவே கிதார் மந்தமாகக் கேட்டது. சர்ச்சில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு எட்டு நாள் இருக்கும்போது, குழுவை நடத்தும் ஆபிரகாம் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னா பெஞ்சமின், தொண்ட கட்டுன மாதிரி கீது. அடுத்த சனிக்கெழம பிராக்டிஸ்லயும் இப்டியே இருந்தா நீ பாட்டு மட்டும் பாடு. கீபோர்ட வச்சே ஓட்டிக்கலாம்."

இவர் வாயைத் திறந்து பாடினால் பக்கத்தில் நிற்பவருக்கும் ராகம் மறந்துபோகும். அது ஊருக்கே தெரியும். இருந்தும் "சரிண்ணே" என்று தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அவருக்கும் சேர்த்து எனக்குத்தான் கோபம் வந்தது.

மறுநாள் மத்தியானம் பழைய பேப்பரை விரித்துக் கிதாரைப் பிரித்துப் போட்டார். வால்யூம் குமிழுக்கு அடியில் இருந்த இருநூற்றைம்பது 'கே' அளவுள்ள பாகத்தைக் கழற்றிவிட்டு ஐநூறு 'கே' வைத்துப் பற்றவைத்தார். பழையதில் கூரான சத்தமெல்லாம் வெளியே வராமலே வடிந்துவிடுமாம். டோன் குமிழில் இருந்த கெபாசிட்டருக்குப் பதில் குறைந்த மதிப்பில் ஒன்று போட்டார். கம்பிகளுக்குக் கீழே இருந்து அவற்றின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பையும் திருகித் திருகி மேலே ஏற்றினார். அப்புறம் வீட்டிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் வாசித்தார். கணீரென்ற சத்தம் அடுப்படி வரைக்கும் வந்தது.

"இப்ப எப்டி கீது?"

"தூக்கிக்கினு போங்க. அண்ணன் காத பொத்திக்கட்டும்" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சின் ஆம்பில், அதுதான் கிதார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஸ்பீக்கர் பெட்டியில், ஒயரைச் செருகினார். கூரான சத்தத்துக்கான டிரெபிளை முழுக்க ஏற்றி, பேஸைக் குறைத்து மீட்டினார். அதே கட்டைத் தொண்டை. ஆபிரகாம் அண்ணன் கீபோர்டுப் பக்கம் திரும்பினார்.

எங்கள் சர்ச்சில் துணி போர்த்தாத சாமான் கிடையாது. பிரசங்க மேடை, மேசை, ஆர்மோனியம், எல்லாவற்றுக்கும் உறை உண்டு. ஆம்புக்கு உறை என் கைவேலை. ஈஸ்டருக்காக மூன்று வாரம் தைத்தேன். மெரூன் வெல்வெட், உள்ளே தடித்த லைனிங், முன்பக்கம் பெரிய ஜரிகைச் சிலுவை. உறையைக் கழற்றாமலே வாசிக்க வசதியாக, குமிழ்களுக்கு மட்டும் திறப்பு விட்டிருந்தேன். போதகர் ஐயாவே எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

இவர் மீட்டும்போதெல்லாம் அந்தச் சிலுவை படபடவென்று துடித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சுருக்கென்றது. சத்தம் வரும் வழியை நான்தானே அடைத்து வைத்திருக்கிறேன்! எழுந்து போய் உறையை உருவினேன்.

"இப்ப அடிங்க."

அடித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"யப்பா, கொஞ்சம் கம்மி பண்ணு, காது கிழியுது" என்றார் ஆபிரகாம் அண்ணன். "நாளைக்கு நீயே வாசி."

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "நாள் பூரா ஒயரோட மாரடிக்கிற ஆளு. துணி அடைக்கிதுன்னு தெரியல?"

"ஈஸ்டர் அன்னிக்கே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"ஐயா உன் பேர சொன்னப்ப உன் மூஞ்ச பாத்தேன் ரெஜினா. அத போய் எப்டி கழட்டச் சொல்றது? அதான் கிதார்லயே எதனா பண்ணி பாத்தேன்."

"லூசு" என்று திட்டினேன். பொசுக்கென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நடுரோட்டில். துடைத்துக்கொண்டு, "அண்ணன் உங்கள பாடச் சொல்லிட்டா இன்னா பண்ணியிருப்பீங்க?" என்றேன்.

"பாடியிருப்பேன்" என்றார்.

அந்த மனுஷன் நிஜமாகவே பாடியிருப்பார்.