விரதக்காரர் கொடுத்த ரத்தம்

வீட்டுக்கு மூத்தவள் நான். வேலையோ கணக்கு டீச்சர். இரண்டும் ஒருத்தியிடம் சேர்ந்தால் வாய் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோக்காரர், ரேஷன் கடைக்காரர், என் தம்பி என்று எல்லோரும் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு நான் சொன்னதற்குச் சரி என்றுவிடுவார்கள். அந்தச் சித்திரையில் ஒரு டாக்டரும் சரி என்றுவிட்டார். அவர் ஒருவராவது என்னை அதட்டியிருக்கலாம்.

வெளியூர் பஸ்ஸெல்லாம் மாட்டுத்தாவணிக்கு வர ஆரம்பித்த புதிது. விளாங்குடி வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழுபத்து நான்கு வயது. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் இதயம் பலவீனமாக இருக்கிறது, நிதானமாகத்தான் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு பாட்டில் ரத்தமும் ஏற்பாடு செய்யச் சொன்னார். அப்பாவுக்கு ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காத வகை. வீட்டில் வேறு யாருக்கும் அது இல்லை.

பள்ளியில் அடையாள அட்டைக்காக எல்லோருடைய ரத்த வகையையும் எழுதி வாங்கியவள் நான்தான். அதனால் ஸ்கூல் வேன் ஓட்டுகிற அண்ணனுக்கும் ஓ நெகட்டிவ் என்பது ஞாபகத்துக்கு வந்தது. பரீட்சை முடிந்து அவர் அழகர்கோவில் பக்கம் தன் ஊருக்குப் போயிருந்தார். அந்த ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, ஆள் விட்டுக் கூப்பிடச் சொன்னேன்.

"அடுத்த பஸ்ஸுல வாரேன் டீச்சர்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

வந்து நின்றபோதுதான் பார்த்தேன், காலில் செருப்பில்லை. சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்க வரும் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுவதாக வேண்டிக்கொண்டு, ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார்.

"விரதத்துல ரத்தம் சிந்தக் கூடாதுன்னு எங்கம்மா ஒரே சத்தம். ஒரு உசுருக்குன்னா அழகரு கோவிச்சுக்கவா போறாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். ரத்த வங்கியில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டதாகப் பொய் சொன்னார். கொடுத்து முடித்து எழுந்ததும் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் ஆபரேஷன். சொல்லாமலே மறுபடியும் பஸ் ஏறி வந்து, ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் நின்றார்.

பத்தரை மணிக்கெல்லாம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்பா கண் விழித்து, தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

"ஏத்தியாச்சா டீச்சர்? ஒரு கண்ணு பாத்துட்டுக் கெளம்புறேன்" என்றார் அண்ணன்.

அவரை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் டாக்டரிடம் கேட்டேன்.

"ரத்தம் அதிகமா போகலைம்மா. இப்ப ஏத்தத் தேவையில்ல. பேங்க்லயே இருக்கட்டும், வேற யாருக்காவது ஆகும்."

"அப்பாவுக்குன்னே விரதத்துல இருக்கிற மனுஷன் குடுத்தது சார். வாசல்ல நிக்கிறாரு. அவரு மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? ஏத்துனா ஒரு தெம்புதானே?"

டாக்டருக்குப் பின்னால் அடுத்த நோயாளியின் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "சரி, ஒண்ணுதானே" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

குழாயில் ரத்தம் இறங்குவதைக் கதவருகே நின்று பார்த்துக் கும்பிட்டுவிட்டு அண்ணன் ஊருக்குப் போனார். காரியம் சாதித்த திருப்தி எனக்கு.

சாயங்காலம் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை. உட்கார வைத்தும் இளைப்பு அடங்கவில்லை. ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். மறுநாள் காலையில் போய்விட்டார். நடையில் நின்ற சின்ன டாக்டரம்மாவிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஏற்கெனவே பலவீனமான இதயம்மா. ரத்தம் கூடுதலா உள்ள போனதும் தாங்கலை. நுரையீரல்ல நீர் கோத்துருச்சு" என்றவர், சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் ஆயுளில் அப்படி வாயை மூடியது அதுதான் முதல் தடவை.

வயதானவர் விழுந்தாலே அப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எல்லோருக்கும் தலையாட்டினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வேன் அண்ணன் வந்தார். வீட்டுக்குள் வராமல் கேட்டருகிலேயே நின்றார்.

"விரதத்த மீறிக் குடுத்தேன்ல டீச்சர். அதான் அய்யாவுக்கு ஒத்துக்கிறலையோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. அவருக்கு ஆயுசு அம்புட்டுதான்."

கோழை சொல்கிற பதில் அது. சொல்லும்போதே தெரிந்தது. அந்த வருஷம் அவர் தண்ணீர் பீய்ச்சப் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. தினமும் காலையில் அவர் வேனில் ஏறி, அவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்து, பிள்ளைகளைச் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

மூன்று வருஷம் இப்படியே ஓடிற்று. பிறகு பள்ளி ஆயாவின் மகளுக்கு ஒரு ஆபரேஷன் வந்தது. அவளுக்கும் ஓ நெகட்டிவ். அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"வேற ஆளப் பாருங்க டீச்சர். என் ரத்தம் ராசியில்லாதது."

அன்று சாயங்காலம் கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் வேண்டாம் என்றது, நான் மல்லுக்கு நின்றது, டாக்டரம்மா சொன்னது, ஒன்று விடாமல். திண்டுக்கல் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"அப்ப, ஏத்தியாச்சான்னு நான் கேட்டதுக்குத்தான் ஏத்துனாங்களா?"

"நீங்க கேக்கத்தாண்ணே செஞ்சீங்க. ஏத்தச் சொல்லிச் சண்டை போட்டது நான்."

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இம்புட்டு நாளும் இந்த வண்டியிலதான வந்தீங்க டீச்சர்" என்றார்.

மறுநாள் வந்து ரத்தம் கொடுத்தார். ஆயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"டாக்டரு வேணும்னு சொன்னா மட்டும் ஏத்தச் சொல்லுங்கக்கா. இவன் குடுத்தானேன்னு எனக்காகப் பாத்து ஏத்திராதீங்க" என்றார் அண்ணன். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

எங்கே பார்த்தாலும் "ஏறுங்க டீச்சர், வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்கிறவர் அன்று ஒன்றும் சொல்லாமல் வேனை எடுத்துக்கொண்டு போனார். நான் பஸ் பிடித்து விளாங்குடி வந்து சேர்ந்தேன்.