இடம் தெரியாத புள்ளி

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். என் வீட்டு மேசையில், என் கண்முன்னே நடந்தது இது. கதை கட்ட எனக்கு வராது. கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் நான். எழுத்துக் கூட்டிப் படிக்கவே நாற்பத்தெட்டு வயதில்தான் கற்றேன்.

கற்றுத் தந்தவன் என் மகன். சரக்குக் கப்பலில் வேலை. விடுப்பில் வந்தால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என்னை வாசிக்கச் சொல்வான். தப்பாக வாசித்தால் வாயைத் திறக்க மாட்டான். மேசையில் விரலால் இரண்டு தட்டு. டொக், டொக். திருத்தும்வரை விடமாட்டான்.

அன்று மாலை மகளுக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்தேன். பழைய கிரேக்கக் கதைகளில் வரும் கடல் பயணங்களைக் கணினி வரைபடத்தில் குறிப்பது அவளுடைய ஆராய்ச்சி. ஊர்ப் பெயரையும், அது இருக்கும் இடத்துக்கான எண்களையும் நான் வாசிப்பேன். அவள் தட்டச்சு செய்வாள். வரைபடத்தில் ஒரு புள்ளி விழும்.

மகனிடமிருந்து இரண்டு நாளாகப் போன் இல்லை. எனக்கு மனது சரியில்லை.

"நடுக்கடல்ல அண்ணனுக்கு யாரு டவர் நட்டு வச்சிருக்கா? கரைக்கு வந்ததும் பேசுவான். நீங்க படிங்கப்பா."

படித்தேன். "இறந்தவர்கள் நாடு. இடம் தெரியவில்லை."

டொக், டொக்.

"என்னம்மா, தப்பா?"

"நான் தட்டலையே."

மறுபடி வாசித்தேன். "இடம்... தெரியவில்லை."

டொக், டொக்.

அவளுடைய இரண்டு கைகளும் விசைப்பலகை மேல் இருந்தன. எதிர் நாற்காலி காலி. மேசையின் அந்தப் பக்கம் மட்டும் ஈரம்.

வரைபடத்தில் ஒரு புதுப் புள்ளி. நடுக்கடலில்.

"எண்ணைக் காலியா விட்டா கணினி பூஜ்ஜியம்னு எடுத்துக்கும்பா. கடல்ல போய் விழும். வழக்கமா நடக்கற கூத்துதான்."

"பூஜ்ஜியம் இல்லம்மா... பாரு."

திரையில் எண் அடிக்கும் கட்டத்தில் எண்கள் இருந்தன. அவள் அடித்தவை அல்ல.

சத்தமாக வாசித்தேன். கடைசி ஆறை ஒன்பது என்றேன்.

டொக், டொக்.

"ஆறு..."

தட்டு நின்றது.

நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

மறுநாள் கப்பல் கம்பெனியிலிருந்து பேசினார்கள். மகனை மூன்று நாளாகக் காணவில்லை, எங்கே விழுந்தான் என்று தெரியவில்லை என்றார்கள். மகள் அந்த எண்களைச் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அங்கே போய்த் தேடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அங்கேதான் கிடைத்தான். விழுந்த அன்றே உயிர் போயிருக்கிறது என்றார் மருத்துவர்.

அவனைத் தூக்கிய மாலுமி ஒன்று சொன்னார். அது நீரோட்டம் பலமான இடமாம். ஒரு மரக்கட்டையைப் போட்டால்கூடக் கண் மூடித் திறப்பதற்குள் அடித்துக்கொண்டு போய்விடுமாம்.

இத்தனை நாளும் அவன் அந்தப் புள்ளியை விட்டு அசையவில்லை.