எந்த ஆறு மாதம்?

என் மனைவியைப் பேருந்து நிலையத்தில் எல்லோரும் 'முள்ளு' என்றுதான் சொல்வார்கள். கடிகார முள்ளா, குத்துகிற முள்ளா என்று கேட்டால் இரண்டும்தான் என்பார்கள் ஓட்டுநர்கள். அங்கே அவள் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பலாம் என்று சொல்வது அவள் வேலை. சீக்கிரம் வந்துவிட்ட ஓட்டுநர் யாராவது, "வண்டி ரொம்பிடுச்சு மேடம், எடுத்துடறேனே" என்று கெஞ்சினால், கண்ணாடி அறைக்குள்ளிருந்து மைக்கிலேயே பதில் வரும்: "முன்னாடி வந்தது உங்க சாமர்த்தியம். ஆனா நேரத்துக்குத்தான் கிளம்பணும். எஞ்சினை ஆஃப் பண்ணுங்க." நிலையமே சிரிக்கும். ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே சாவியைத் திருப்புவார்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த பையன் குறித்த தேதிக்கு ஏழு வாரம் முன்னதாக வந்து நின்றான். அவனிடம் எந்த மைக்கில் பேசுவது? பிறந்தவுடனே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் விட்டு, அதன் வழியாகப் பால் இறக்கினார்கள். அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. நான் இரத்தத்துக்காக ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தேன். குழந்தைப் பக்கம் நின்றவள் என் அக்கா. எங்களுக்கு மேல் மாடியில்தான் குடியிருக்கிறாள். பிறகு ஒரு வழியாக மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்தோம். விடுப்பு முடிந்து என் மனைவி வேலைக்குப் போனபோது, "புள்ளய என்கிட்ட விட்டுட்டுப் போ, மூணு வளர்த்தவ நான்" என்று அக்கா சொன்னாள். அதற்கு இன்றுவரை நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தின் பின்பாதியை அவள் நாளுக்குப் பத்து தடவை சொல்வாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பையன் பிறந்து ஆறு மாதம் முடிந்த அன்று காலையிலேயே அக்கா ஒரு கிண்ணமும் கரண்டியுமாகப் படியிறங்கி வந்தாள்.

"ஆறு மாசம் ஆச்சு. இனிமே வெறும் பால் பத்தாது. இன்னைக்கு ஆரம்பிச்சுடலாம்."

சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாலரை மாசம்கூட ஆகல, அண்ணி."

"என்னது?"

"அவன் பொறக்க வேண்டிய தேதியிலேருந்துதான் எண்ணணும். ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "பொறந்தா பொறந்ததுதானேம்மா. இதுல பொறக்க வேண்டியது வேறயா? அப்ப வருஷத்துக்கு ரெண்டு பொறந்தநாளா கொண்டாடப் போறீங்க?"

அன்று பிடித்தது சனியன். வீட்டில் வேறு பேச்சே இல்லை. அக்கா வாதத்தை மாடிப்படிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து அது தெருவுக்குப் போனது. துணி தேய்க்கிறவர் எட்டு மாதம் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் நான்கு மாதத்திலேயே தன் மகன் பிஸ்கட்டைக் கடித்தான் என்றார். அந்த மகன் இப்போது எப்படியிருக்கிறான் என்பது தெரு முழுக்கத் தெரியும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு மூக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஓர் அம்மாள், அளவு பார்ப்பதற்குள் மூன்று விதமான யோசனை சொல்லிவிட்டுப் போனார். யோசனை சொல்ல ஊரே இருந்தது; ராத்திரி அழும்போது தூக்கிக்கொள்ளத்தான் ஓர் ஆள் இல்லை.

இரண்டு பேரும் என்னை நடுவில் நிறுத்தி, "நீயே சொல்லுடா", "நீங்களே சொல்லுங்க" என்று உலுக்குவார்கள். நான் இருவர் சொல்வதும் சரி என்பேன். இருவரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள். வீட்டில் ஒற்றுமை நிலவிய நேரங்கள் அவை மட்டும்தான்.

கடைசியில் டாக்டரிடம் போனோம். என் மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "தேதி சொல்லுங்க டாக்டர், அது போதும்" என்றாள்.

"தேதியெல்லாம் இல்லம்மா" என்றார் அவர். "கழுத்து ஆடாம நிக்குதா, பிடிச்சா உக்காருறானா, நீங்க சாப்பிடும்போது ஆசையா எட்டிப் பாக்குறானா, பாருங்க. முக்கியமா, கரண்டியை வாயில வெச்சா நாக்கால வெளிய தள்றானான்னு பாருங்க. தள்றத நிறுத்தட்டும். அப்ப என்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. காலண்டரைப் பாக்காதீங்க, புள்ளையைப் பாருங்க."

வெளியே வந்ததும் அவள் வெடித்தாள். "இதுக்கா டோக்கன் வாங்கி உக்காந்தோம்? படிச்சவங்க ஒரு தேதி சொல்ல மாட்டாங்களா? புள்ளையைப் பாக்கணுமாம்! நான் வேற யாரைப் பாத்துட்டிருக்கேன்?"

ஆனாலும் பார்த்தாள். காலையில் கிளம்பும் முன்பு ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, வெறும் கரண்டியை அவன் உதட்டுக்குள் வைப்பாள். நாக்கு வந்து அதை வெளியே தள்ளும். "இன்னும் இல்ல" என்பாள். மேலேயிருந்து அக்காவின் குரல் வரும்: "வெறும் கரண்டியக் குடுத்தா நானும்தான் துப்புவேன்!"

சொல்லப்போனால் என் மனைவிக்குத் தேதி பெரிதல்ல, பயம்தான். அந்தக் குழாயை அவளால் மறக்க முடியவில்லை. பால் குடிக்கும்போது அவன் லேசாக இருமினாலே அவள் முகம் வெளுத்துவிடும். அந்தச் சின்னத் தொண்டைக்குள் வேறொன்றை அனுப்ப அவளுக்குத் துணிவில்லை. இதை என்னிடம்தான் சொன்னாள். அக்காவிடம் தேதி பேசினாள்.

ஒருநாள் வேலையிலிருந்து வந்து பையனைத் தூக்கியவள், அவன் கன்னத்தில் முகத்தை வைத்ததுமே நிமிர்ந்தாள்.

"வாழைப்பழ வாசனை வருது."

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியை மீண்டும் பிரித்து மடித்தாள். "நாக்குல லேசா தடவினேன். அவ்வளவுதான். அவன்தான் துப்பிட்டானே."

"புரையேறியிருந்தா?"

"மூணு வளர்த்தவகிட்ட..."

"உங்க மூணும் என் புள்ள இல்ல, அண்ணி. நாளைலேருந்து நானே பாத்துக்கறேன்."

அக்கா துணியைப் போட்டுவிட்டுப் படியேறிப் போனாள். மறுநாள் முதல் என் மனைவி விடுப்பு. நிலையத்திலிருந்து மேலதிகாரி போன் செய்து, இப்படியே போனால் வேறு ஆளைப் போடவேண்டி வரும் என்றார். அக்கா கீழே வரவே இல்லை. ஆனால் நாங்கள் எழுந்திருப்பதற்குள் பையனின் ஈரத் துணிகள் துவைத்து எங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். கோபத்திலும் துவைக்கிற ஒருத்தி, நன்றி சொல்லாமல் மடித்து வைக்கிற இன்னொருத்தி. நான் தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்டியை வைத்தபோது நாக்கு வரவில்லை. அவன் உதட்டைக் குவித்துக் கரண்டியைக் கவ்விக்கொண்டான். மறுபடி வைத்தாள். மறுபடி கவ்வினான். அக்கா கணக்கில் ஏழு மாதம் தாண்டியிருந்தது. இவள் கணக்கில் ஆறு இன்னும் ஆகவில்லை. இத்தனை சண்டை போட்டும் இரண்டு கணக்குமே தோற்றன. டாக்டருக்குப் போன் செய்தாள். ஆரம்பிக்கலாம் என்றார்.

உருளைக்கிழங்கை வேகவைத்து, மசித்து, தாய்ப்பால் விட்டுத் தண்ணீர் போல் கரைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "போய் அண்ணியைக் கூப்பிடுங்க" என்றாள்.

அக்கா வந்து வாசலிலேயே நின்றாள். என் மனைவி பையனைத் தன் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டியை அவளிடம் நீட்டினாள். "நீங்களே குடுங்க, அண்ணி."

ஒரு மாதமாக என் உயிரை எடுத்தவள், ஆனந்தமாக வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். வாங்கினாள். பையனின் வாய்வரை கொண்டுபோனாள். கரண்டி ஆடியது. கிழங்கு அவன் சட்டையில் சிந்தியது. இன்னொரு தடவை எடுத்தாள். அதுவும் சிந்தியது.

"என்னால முடியாது" என்றாள். "நீயே குடு."

"என்னாச்சு? மூணு வளர்த்தவங்க இல்ல நீங்க?" என் மனைவி கேலியாகத்தான் கேட்டாள்.

அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்னைத் தனியாக் கூப்பிட்டு, மனசைத் தயார் பண்ணிக்கோங்க, இந்தக் குழந்த பொழைக்கறது கஷ்டம்னு சொன்னாங்க. நீ மயக்கத்துல இருந்த. தம்பி ரத்தம் தேடிப் போயிருந்தான். யார்கிட்ட சொல்ல? அப்புறமும் சொல்ல வாய் வரல. புள்ள ஒரு வாய் சாப்பிட்டுட்டா, இனிமே நம்மள விட்டுப் போகமாட்டான்னு எனக்கு ஒரு நெனப்பு. அதான் அவசரப்பட்டேன். தப்புதான்."

எனக்கு இது அன்றுவரை தெரியாது. என் மனைவியின் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைக்க ஒரு கை காலியாக இல்லை. அக்கா தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

என் மனைவி கரண்டியை எடுத்தாள். பாதி வழியிலேயே நிறுத்திவிட்டாள். அக்கா அவள் மணிக்கட்டைக் கீழேயிருந்து பிடித்துக்கொண்டாள். இரண்டு கைகளுமாகக் கொண்டுபோன கரண்டியைப் பையன் கவ்வினான். முகத்தைச் சுளித்தான். மூன்று பேரும் மூச்சு விடாமல் அவன் தொண்டையையே பார்த்தோம். அது மெல்ல ஏறி இறங்கியது.

"முழுங்கிட்டான், அண்ணி."

"பாத்தேன்டி" என்றாள் அக்கா. மணிக்கட்டை அவள் விடவில்லை.