அம்மா தொழாத நாட்கள்

கட்டில் ஓரத்தில் மடித்து வைத்திருந்த பச்சைத் தொழுகை விரிப்பைத்தான் முதலில் கவனித்தேன். மூன்று நாளாக அதன் மடிப்பு கலையவில்லை. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தபோது அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்தாளே தவிர எழுந்திருக்கவில்லை. அறுபத்து மூன்று வயதிலும், காய்ச்சலில் கிடந்தாலும், ஒரு வேளைத் தொழுகையை விடாதவள் அவள். "என்னம்மா, தொழலையா?" என்றேன். "தொழுவேன் தொழுவேன், நீ உன் வேலையப் பாரு" என்றாள்.

நான் கணக்கு டீச்சர். நோட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்று கண்ணைப் பார்த்துச் சொல்லும் பிள்ளைகளோடு இருபது வருடம் காலம் தள்ளியவள். யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாத புத்தி எனக்கு. முழங்கால் வலியை மறைக்கிறாளோ என்று நினைத்தேன். மறதி நோய் ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்து, நேற்று என்ன குழம்பு வைத்தோம் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "கத்தரிக்கா. உப்பு ஜாஸ்தி. நீதான் போட்ட" என்றாள். நடுவில் நான்கு நாள் ஒழுங்காகத் தொழுதாள், மறுபடி நிறுத்திவிட்டாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "டீச்சர், உங்களுக்குனு அம்மா வந்து வாங்கினு போவாங்களே, அந்த நாப்கின் இப்ப வர்றதில்ல. வேற கம்பெனி தரட்டா?" நான் அம்மாவை எதையும் வாங்கிவரச் சொன்னதே இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். மாதவிலக்கு நாட்களில் எங்கள் பெண்கள் தொழ மாட்டார்கள். அம்மாவுக்கு அது நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒன்றரை மாதமாக அவ்வப்போது துணியில் ரத்தம் பட்டதும், அதுதான் திரும்ப வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, படும் நாளெல்லாம் தொழுகையை நிறுத்தியிருக்கிறாள். "இந்த வயசுல இத வெளிய சொல்ல முடியுமாடி? அசிங்கமா இருக்கு" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அழுகைதான் வந்தது.

கர்ப்பப்பையில் ஏதோ என்றுதான் நானும் பயந்தேன். குரோம்பேட்டையில் பார்த்த பெண் மருத்துவர், ரத்தம் அங்கிருந்து வரவில்லை, சிறுநீரோடு வருகிறது என்றார். ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குள் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. கேமரா விட்டுப் பார்த்து, கட்டியைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார்கள். தெரிந்துகொண்டே மழுப்புகிறார்களோ என்று நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு நான் மாடிக்குப் போனால், துணி எடுக்கும் சாக்கில் பின்னாலேயே வந்தாள்.

ரிப்போர்ட்டை வாங்க நான் மட்டும் போனேன். புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பநிலை, ஆழமாக இறங்கவில்லை, மருந்தும் தொடர்ந்த பரிசோதனையும் போதும் என்றார் மருத்துவர். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போதே பொய்யைத் தயார் செய்துவிட்டேன்: வெறும் இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லிவிடுவது.

வீட்டில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுதுகொண்டிருந்தாள். அது எந்தத் தொழுகைக்கும் உரிய நேரமல்ல. மாதவிலக்கில் விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. நோயில் விட்டதென்றால் அத்தனையையும் தொழுது தீர்க்க வேண்டும். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மொத்தம் இருவத்திரெண்டு நாள் விட்டுட்டேன். ஒரு நாளைக்கு ஒரு நாளோடதுதான் முடியுது, கால் மரத்துப் போவுது. அத முடிக்கிற வரைக்கும் நான் இருப்பனா? அத மட்டும் சொல்லு. பொய் சொல்லாத."

ஆட்டோவில் தயார் செய்தது வாயில் வரவில்லை. "கேன்சர்தாம்மா. ஆனா ஆரம்பம்தான். எல்லாத்தையும் முடிச்சிடுவ" என்றேன்.

அவள் நம்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினாள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவள், பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"ஆரம்பம்னு எங்க போட்டிருக்கு? காட்டு."

விரல் வைத்துக் காட்டினேன். அந்த வரியின் மேல் தன் விரலையும் வைத்தாள், வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை.