எல்லாருக்கும் தெரிந்த காடு

நான் உருவாக்கிய உலகம் கடலுக்கு அடியில் இருந்தது. அதற்கு ஐந்து நிலாக்கள். கடலுக்கடியில் நிலா எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு விளக்கமும் தயாராக வைத்திருந்தேன். பதினொரு வயதில் அதைவிட முக்கியமான வேலை எனக்கு எதுவும் இருக்கவில்லை.

அக்கா அந்த ஆண்டுதான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள். அங்கே கிடைத்த தோழிகளிடமிருந்து, உட்கார்ந்த இடத்தில் வாயால் பேசியே ஆடும் கதை விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். ஒருவர் கதையை நடத்துவார். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதிரே யார் வருகிறார்கள் என்று அவர் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை ஒன்று முடிவு செய்யும்; பெரிய எண் விழுந்தால் நடக்கும். ஒரே கதை வாரக்கணக்கில் நீளும். டிசம்பர் விடுமுறையில் சனிக்கிழமைதோறும் விளையாடலாம் என்று முடிவாகிவிட்டது. எந்த உலகத்தில் என்பதுதான் முடிவாகவில்லை.

விளையாடும் இடம் ஜாலான் புசாருக்குப் பக்கத்தில் இருந்த சித்தப்பா வீடு. அம்மாவும் அப்பாவும் தேக்கா சந்தைக்குச் சாமான் வாங்கப் போகும்போது எங்களை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பெரியப்பா மகனான அண்ணனும் வந்துவிடுவான். சித்தப்பாவின் மகன், எங்கள் தம்பி, ஒன்பது வயதுக்காரன். அவனுடைய அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சித்தப்பா அந்த வருடம் மறுபடி திருமணம் செய்துகொண்டு, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து புதுச் சித்தியை அழைத்து வந்திருந்தார்.

தம்பி சித்தியிடம் முரண்டு பிடிக்கவில்லை, அழவும் இல்லை. அவர் சமைத்ததைச் சாப்பிட்டான். தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். ஆனால் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டான். தாகம் எடுத்தால் சமையலறை வாசலில் போய் நின்று, ஃபிரிட்ஜைப் பார்த்து, “தண்ணி” என்பான். சித்தி எடுத்துக் கொடுப்பார். நாங்கள் பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகக் கத்திக்கொண்டிருக்கும்போது, அவர் பஜ்ஜித் தட்டோடு வந்து, எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே தானும் சிரித்தபடி சிறிது நேரம் நின்றுவிட்டுப் போவார்.

முதல் சனிக்கிழமை முழுக்க உலகங்களின் போட்டிதான். அண்ணன் பூமி அழிந்த பிறகு விண்வெளியில் மிதக்கும் நகரத்தைக் கொண்டு வந்தான். அதன் இயந்திரங்களைப் புரிந்துகொள்வதற்கே ஒரு டியூஷன் வேண்டியிருக்கும். தம்பியின் உலகத்தில் ரோபோக்கள் மட்டுமே இருந்தன. அவற்றின் பெயர்கள் அவனுக்கு மட்டுமே தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லும் உத்தேசமும் இல்லை. நான் என் கடலை விரித்தேன். அக்கா எல்லோரும் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். சும்மா தலையாட்டவில்லை. என் நிலாக்களைப் பற்றி அவள் கேட்ட கேள்வியில் எனக்கே ஒரு புது யோசனை வந்தது. அதனால் என் உலகம்தான் ஜெயிக்கப் போகிறது என்று நம்பிவிட்டேன்.

அடுத்த வாரம், கதையை நடத்தப்போகும் அக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அறிவித்தாள்.

“ஒரு ராஜா. ஒரு கோட்டை. பக்கத்துல ஒரு காடு. காட்டுக்கு அந்தப் பக்கம் மலை. மலையில ஒரு டிராகன்.”

நாங்கள் காத்திருந்தோம். அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

“அவ்ளோதானா?” என்றான் அண்ணன். “ரொம்ப generic-ஆ இருக்கு லா!”

“அவ்ளோதான்” என்ற அக்கா சமையலறைப் பக்கம் திரும்பினாள். “சித்தி, ஒரு ஆள் குறையுது. வர்றீங்களா?”

சித்தி கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். “ஐயோ, எனக்கு இதெல்லாம் எங்கம்மா தெரியும்?”

“ராஜா தெரியுமா?”

“தெரியும்.”

“காடு?”

“காடு தெரியாமயா?”

“போதும். வந்து உக்காருங்க.”

வீரன், மந்திரவாதி, வைத்தியர், திருடன் என்று நான்கு வகைப் பாத்திரங்கள் இருந்தன. அண்ணன் மந்திரவாதி, தம்பி வீரன். சித்தி வைத்தியராகத்தான் இருப்பார் என்று நினைத்து, எனக்கு அது கிடைக்காதே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். சித்தி யோசித்தார். பிறகு வெட்கத்தோடு, “நான் திருடியா இருக்கேனே” என்றார். வைத்தியர் எனக்கே கிடைத்தது. திருடிக்குப் பெயர் கேட்டதற்கு, “முத்தழகி” என்றார்.

தம்பி அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

முத்தழகியைப் போல ஒரு திருடியை நான் அதற்குப் பிறகு எந்தக் கதையிலும் பார்க்கவில்லை. கோட்டை வாசலில் அண்ணன் நெருப்பு மந்திரம் போடத் தயாரானபோது சித்தி அவனைத் தடுத்து, “இருப்பா, காவக்காரன் சாப்பிட்டானான்னு முதல்ல கேக்குறேன்” என்றார். கேட்டார். அவன் சாப்பிடவில்லையாம். பேசிப் பேசியே அவன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துவிட்டார். உள்ளே போய் ஒரு மூட்டை தங்கத்தோடு வெளியே வந்தார். காவல்காரனாகப் பேசிக்கொண்டிருந்த அக்காவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

டிராகனின் மலையை நெருங்கும்போது தம்பி வழக்கம்போல யாருக்கும் சொல்லாமல் தனியே ஓடினான். பாதை இடிந்தது.

“விழுந்துட்ட” என்றாள் அக்கா. “ஒரு வேரைப் பிடிச்சுத் தொங்குற. கீழ பள்ளம். மந்திரவாதிக்கு மந்திரம் தீர்ந்துபோச்சு. வைத்தியர் ஆத்துக்கு அந்தப் பக்கம். நீ என்ன பண்ற?”

“ஏறுறேன்.”

பகடையை உருட்டினான். மூன்று. வேர் பாதி அறுந்தது.

“இப்ப என்ன பண்ற?”

பக்கத்தில் மேலே யார் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் வாயைத் திறந்தான். அக்கா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். சித்தி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முத்தழகி” என்றான் தம்பி, தரையைப் பார்த்து.

“மலையில காத்து பலமா அடிக்குது” என்றாள் அக்கா. “மேல கேக்கல.”

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “முத்தழகி! இங்க வாங்க! விழுந்துருவேன்!”

“வந்துட்டேன், வந்துட்டேன்!” என்ற சித்தி நிஜமாகவே முட்டி போட்டு எழுந்துவிட்டார். “ரெண்டு கையும் வேணுமே. மூட்டையைத் தூக்கிப் போட்டுட்டேன்.”

“ஐயோ, தங்கம்!” என்று அண்ணன் அலறினான்.

“தங்கத்தை அப்புறம் திருடிக்கலாம்ப்பா.”

அவர் உருட்டிய வேகத்தில் பகடை சோபாவுக்கு அடியில் போய்விட்டது. சித்தியும் தம்பியும் ஒரே நேரத்தில் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து உள்ளே பார்த்தார்கள். அவன் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது. “பதினேழு!” என்று கத்தினான். பிறகு பக்கத்திலிருந்த முகத்தைப் பார்த்து, “தூக்கிட்டீங்க” என்றான். கையை விட்டுப் பகடையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். சித்தி அதை மூடிக்கொண்டு, அக்கா அடுத்த வரியைச் சொல்லும் வரை எழுந்திருக்கவே இல்லை.

நாங்கள் கிளம்பும்போது தம்பி சமையலறை வாசலில் நின்று, “அடுத்த வாரமும் முத்தழகி வருமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஃபிரிட்ஜிடம் கேட்கவில்லை.

ரயிலில் நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். விளையாட்டு நன்றாக இருந்ததை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. ஐந்து நிலாக்கள் வீணாகிவிட்ட ஆத்திரம்.

“உன் உலகத்துல புதுசா ஒண்ணுமே இல்லக்கா” என்றேன். “எல்லாமே எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.”

“ஆமா” என்றாள் அக்கா.

நான் அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். ஒருவழியாகத் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு, எங்கள் வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக் வந்து இறங்கும்வரை நான் ஜெயித்தவளின் பெருமிதத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.